வாடிக்கையாளரே டைப் செய்து அனுப்பும் ஆர்டர் படிவம்: வடசேரி நகைப் பட்டறையில் செய்து பார்த்த முழுமையான வழிகாட்டி

போன நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நாகர்கோவில் வடசேரியில் என் மாமாவின் பட்டறைக்கு ஒரு ஒட்டியாணம் திரும்பி வந்தது. பரதநாட்டியம் ஆடும் பிள்ளைக்குச் செய்தது. பிள்ளையின் அம்மா நாங்கள் அனுப்பிய படிவத்தைப் பிரிண்ட் எடுத்து, பேனாவால் நிரப்பி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். இடுப்பு அளவுக்கு நேராக அவர் எழுதியது 27, பட்டறையில் படித்தது 21. கெம்புக்கல் பதித்து, மெருகேற்றி, கூரியரில் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் போட்டோவை நானும் பெரிதாக்கிப் பார்த்தேன், 21 என்றுதான் எனக்கும் தெரிந்தது. "மக்கா, நீ கம்ப்யூட்டர் கடைதான வச்சிருக்க, அவங்களே டைப் பண்ணி அனுப்புற மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன்" என்றார் மாமா.

செய்து கொடுத்தேன். மூன்று தடவை மாற்றினோம், இப்போது ஓடுவது மூன்றாவது வடிவம். அதில் பட்ட பாட்டையும் கண்டுபிடித்த வழிகளையும் வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் நகை செய்பவராக இருக்க வேண்டியதில்லை. கன்னியாகுமரியில் ஹோம்ஸ்டே நடத்துபவர், மார்த்தாண்டத்தில் கல்யாணச் சமையல் எடுப்பவர், தக்கலையில் தையல் கடை வைத்திருப்பவர் என்று வாடிக்கையாளரிடம் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிற யாருக்கும் இது பொருந்தும். செலவு கிடையாது, இரண்டு மாலை நேரம் போதும்.

கம்ப்யூட்டருக்கு முன்னால், காகிதம்

முதல் தடவை நான் செய்த தவறு, நேராக சாஃப்ட்வேரைத் திறந்து பழைய காகிதப் படிவத்தை அப்படியே டைப் செய்தது. அப்படிச் செய்யாதீர்கள். வேலை செய்பவர் பக்கத்தில் ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். எந்தத் தகவல் இல்லாவிட்டால் அவர் கை நின்றுபோகும் என்று கேளுங்கள். மாமாவிடம் கேட்டபோது அவர் சொன்னவை ஏழுதான்: செட்டில் எந்தெந்த உருப்படிகள், வெள்ளியில் வேண்டுமா செம்பில் வேண்டுமா, கல்லின் நிறம், இடுப்பு அளவு, வளையல் அளவு, எந்தத் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும். பழைய படிவத்தில் இருந்த மின்னஞ்சல், தொழில், எங்களைப் பற்றி எப்படித் தெரியும் என்பதெல்லாம் யாரும் ஒருநாளும் பார்க்காதவை. எடுத்துவிட்டோம்.

அவர் கேட்காமல் நாங்கள் சேர்த்த கேள்வி ஒன்று உண்டு, ஆடும் பிள்ளையின் வயது. பத்து வயதுப் பிள்ளைக்கு 38 அங்குல இடுப்பு என்று வந்தால் வேறு யாருடைய அளவா என்று மாமா உடனே போன் செய்து கேட்டுவிடுவார். ஒரு பதிலை இன்னொரு பதிலால் சரிபார்க்க முடிகிற மாதிரி உங்கள் தொழிலிலும் ஒரு கேள்வி கண்டிப்பாக இருக்கும். சமையல்காரருக்கு ஆள் எண்ணிக்கையும் பந்தி எண்ணிக்கையும், ஹோம்ஸ்டேக்கு வரும் தேதியும் எத்தனை இரவு என்பதும்.

இனி ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, இதற்குத் தவறான பதில் எப்படியெல்லாம் வரும் என்று யோசியுங்கள். இந்த வழிகாட்டியிலேயே நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். சாஃப்ட்வேர் வேலை யாருக்கும் வந்துவிடும்.

வளையல் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் 2-4, 2-6, 2-8, 2-10 என்று சொல்கிறோம். 2-4 என்றால் உள்விட்டம் இரண்டு அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் நான்கு பங்கும், அதாவது இரண்டேகால் அங்குலம். இதைக் காலிப் பெட்டியாக விட்டோம். ஒருவர் 2.4 என்று எழுதினார், ஒருவர் 2.25 என்று எழுதினார், இரண்டும் ஒரே அளவு. இன்னொருவருடைய 2.10 எக்செலுக்குப் போனதும் 2.1 ஆகிவிட்டது, 2-4 என்பது தேதியாகவே மாறிவிட்டது. எண் மாதிரி தெரிந்தாலும் அது எண் இல்லை, ஒரு பெயர். அதனால் டைப் செய்ய விடாமல் தேர்வு செய்ய மட்டும் விட்டோம், பக்கத்தில் மில்லிமீட்டரையும் போட்டோம்: 2-4 என்றால் 57 மி.மீ., 2-6 என்றால் 60, 2-8 என்றால் 63.5, 2-10 என்றால் 66.7. வெளிநாட்டில் இருப்பவர்கள் கையில் இருக்கும் வளையலை ஸ்கேலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இடுப்பு அளவுக்கு அங்குலம் என்ற சொல்லைப் பெட்டிக்கு வெளியே, உடனே அடுத்து அச்சிட்டுவிட்டோம். கேள்விக்குக் கீழே ஒரு வரி: நாட்டிய உடை போட்ட பிறகு, ஒட்டியாணம் கட்டும் இடத்தில், உடையின் மேல் டேப் வைத்து அளக்கவும். இந்த வரி இல்லாத காலத்தில் பாதிப் பேர் சுடிதாரின் மேல் அளந்து அனுப்பினார்கள்.

தேதி அடுத்த வில்லங்கம். 04/05 என்று எழுதினால் நாகர்கோவிலில் மே 4, அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அது ஏப்ரல் 5. நாள், மாதத்தின் பெயர், வருடம் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். அரங்கேற்றம் என்றைக்கு என்று கேட்காமல், நகை எந்தத் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இரண்டும் வேறு.

முகவரியைப் பற்றி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவங்களில் தெரு, நகரம், மாநிலம் என்று இருக்கும். விளவங்கோடு, கல்குளம் தாலுகா பக்கம் எத்தனையோ வீடுகளுக்குத் தெருப் பெயரே கிடையாது. வீட்டுப் பெயர், அப்புறம் விளை என்று முடியும் ஏதோ ஒரு ஊர், அஞ்சல், வழி என்றுதான் முகவரி போகும். அஞ்சல் என்று தனிப் பெட்டி வைக்காவிட்டால் அதை விட்டுவிடுவார்கள், கூரியர்காரர் சந்திப்பில் நின்று போன் செய்வார். எங்கள் படிவத்தில் வீட்டுப் பெயர் அல்லது கதவு எண், ஊர், அஞ்சல், பக்கத்து அடையாளம், மாவட்டம், ஆறு இலக்க பின்கோடு என்று இருக்கிறது. நம் மாவட்டத்துப் பின்கோடு எல்லாம் 629 என்று தொடங்கும். மாவட்டம் கன்னியாகுமரி, பின்கோடு வேறு எதிலோ தொடங்குகிறது என்றால் ஏதோ தப்பு என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

உருப்படிகளுக்கு நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜிமிக்கி, மாட்டல், அட்டிகை, நீள மாலை, தோளில் போடும் வங்கி, ஒட்டியாணம் என்று ஒவ்வொன்றுக்கும் டிக் போடும் கட்டம். முழு செட் என்று ஒரே கட்டம் வைத்திருந்தோம், ஆனால் ஒவ்வொரு நாட்டிய ஆசிரியருக்கும் முழு செட் என்பது வேறு வேறு. அதனால் அதை எடுத்துவிட்டோம்.

பிடிஎஃப்பா, கூகுள் ஃபார்ம்ஸா?

வேர்டு கோப்பாக அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். வேர்டிலும் நிரப்பும் கட்டங்கள் வைக்கலாம், பூட்டவும் செய்யலாம். ஆனால் வாடிக்கையாளர் அதைப் போனில் ஏதோ ஒரு ஆப்பில் திறப்பார், அட்டவணை கலைந்துபோகும். விட்டுவிடுங்கள்.

மீதி இரண்டு. வாடிக்கையாளர் கையிலும் ஒரு நகல் இருக்க வேண்டும், அச்செடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும், நெட் இல்லாமலும் நிரப்ப வேண்டும் என்றால் பிடிஎஃப். எங்களுக்கு நாட்டியப் பள்ளிகளும் கடைகளும் இப்படித்தான் கேட்கின்றன. பதில்கள் எல்லாம் ஒரே பட்டியலில் தானாக வந்து விழ வேண்டும், கட்டாயக் கேள்வியை விட்டுவிட்டு அனுப்பவே முடியக் கூடாது, பெரும்பாலும் போனில்தான் நிரப்புவார்கள் என்றால் கூகுள் ஃபார்ம்ஸ். ஒரு பிள்ளைக்கு ஒரு செட் வாங்கும் அம்மா அப்பாக்கள் இந்த வகை. ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் கூகுள் ஃபார்ம்ஸ் செய்யுங்கள். நாங்கள் இரண்டையும் வைத்திருக்கிறோம், கேள்விகளும் அவற்றின் வரிசையும் இரண்டிலும் ஒன்றே.

பிடிஎஃப் பற்றி இன்னமும் ஒரு பழைய நினைப்பு இருக்கிறது, பிடிஎஃப் திறக்கும் இலவச ரீடரில் நிரப்பினால் சேமிக்க முடியாது, காசு கொடுத்து அக்ரோபேட் வாங்க வேண்டும் என்று. ஒரு காலத்தில் அது உண்மை. 2012இல் வந்த அடோபி ரீடர் லெவன் முதல் இலவச ரீடரிலேயே சாதாரணப் படிவத்தை நிரப்பிச் சேமிக்கலாம். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் பிரவுசர்களிலும் இப்போது நிரப்ப முடிகிறது. படிவத்தைச் செய்வதற்கும் லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருள் போதும்.

லிப்ரே ஆஃபீஸில் பிடிஎஃப் படிவம்

லிப்ரே ஆஃபீஸில் வேர்டு மாதிரி இருக்கும் ரைட்டரைத் திறந்து ஏ4 பக்கத்தில் இரண்டு பத்தி உள்ள அட்டவணை ஒன்று போடுங்கள். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். கேள்விகளைத் தமிழிலேயே டைப் செய்யுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு யூனிகோடு எழுத்துருவில், 12 புள்ளிக்குக் குறையாமல். டிடிபி வேலைக்கு வைத்திருக்கும் பழைய எழுத்துருக்கள் வேண்டாம், நகலெடுத்து ஒட்டினால் வேறு ஏதோ எழுத்தாக மாறும்.

மேலே மெனுவில் ஃபார்ம் என்று இருக்கும். அதில் டிசைன் மோடை இயக்குங்கள். அதே மெனுவில் டெக்ஸ்ட் பாக்ஸைத் தேர்ந்து, பதில் வர வேண்டிய கட்டத்துக்குள் மவுஸால் இழுத்துப் பெட்டி வரையுங்கள். வரைந்ததும் அதன் மேல் வலது கிளிக் செய்து ஆங்கர் என்பதில் ஆஸ் கேரக்டர் என்று மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், மேலே ஒரு வரி சேர்த்தவுடன் பெட்டிகள் எல்லாம் இடம் மாறி அடுத்த கேள்விக்கு நேராகப் போய் நிற்கும். என் இரண்டாவது வடிவம் முழுவதும் இப்படிக் கலைந்துதான் திரும்பச் செய்தேன்.

பெட்டியை இரட்டைக் கிளிக் செய்தால் பண்புகள் திறக்கும். அங்கே நேம் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு வேறு பெயர் கொடுங்கள். இடுப்பு, பின்கோடு, ஊர் என்று பார்த்தால் புரிகிற பெயராக இருக்கட்டும். ஒரே பெயரில் இரண்டு பெட்டி இருந்தால் சில ரீடர்களில் ஒன்றில் டைப் செய்வது மற்றதிலும் தானாக விழும். மேக்ஸிமம் டெக்ஸ்ட் லெங்த் என்பதில் பின்கோடுக்கு 6 போடுங்கள். போன் எண்ணுக்கு 10 என்று போடாதீர்கள், வெளிநாட்டு எண்கள் நாட்டுக் குறியீட்டோடு வரும், 16 விடுங்கள். குறிப்பு எழுதும் பெட்டிக்கு மட்டும் டெக்ஸ்ட் டைப்பை மல்டி லைன் ஆக்குங்கள். ஹெல்ப் டெக்ஸ்ட் என்ற இடத்தில் எழுதுவது கம்ப்யூட்டரில் மவுஸை வைத்தால்தான் தெரியும், போனில் தெரியாது, முக்கியமான விளக்கத்தைப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

டிக் கட்டத்துக்கு செக் பாக்ஸ், பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்வு செய்ய ஆப்ஷன் பட்டன். வளையல் அளவுக்கு நான்கு ஆப்ஷன் பட்டன் போட்டால், நான்குக்கும் குரூப் நேம் ஒன்றாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒன்றைத் தொட்டால் மற்றது விலகும். வெள்ளியா செம்பா என்பதற்கு வேறு குரூப் பெயர். இதை மறந்தால் வெள்ளியைத் தொடும்போது வளையல் அளவு அழிந்துபோகும்.

எல்லாம் முடிந்ததும் ஃபார்ம் மெனுவில் ஆக்டிவேஷன் ஆர்டரைத் திறந்து, டேப் பட்டனை அழுத்தினால் எந்தப் பெட்டியிலிருந்து எதற்குப் போக வேண்டும் என்று வரிசைப்படுத்துங்கள். பிறகு டிசைன் மோடை நிறுத்திவிட்டு, நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். நிரப்பியதை அழித்த பிறகு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப் போங்கள். ஜெனரல் பக்கத்தில் கிரியேட் பிடிஎஃப் ஃபார்ம் என்பதில் டிக் இருக்க வேண்டும். ஆர்க்கைவ் வகை பிடிஎஃப்/ஏ என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அங்கே சப்மிட் ஃபார்மேட் என்று கேட்பது அனுப்பும் பட்டன் வைத்தவர்களுக்கு.

அந்தப் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. அழுத்தினால் நேராக நம் மின்னஞ்சலுக்கு வருகிற பட்டன் வைக்கலாம், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் மெயில் மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும், பிரவுசரிலும் போனிலும் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அனுப்பிவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார், நமக்கு வந்திருக்காது. படிவம் வராததைவிட இது மோசம். பட்டனுக்குப் பதில் கடைசி வரியில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: சேமித்து, இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பவும், ஒரு நாளுக்குள் எங்களிடமிருந்து பதில் வரும், வராவிட்டால் போன் செய்யவும்.

கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டி என்பதும் பிடிஎஃப்பில் அப்படித்தான். அனுப்பும் பட்டனை அழுத்தும்போதுதான் அது சோதிக்கப்படும், வெறுமனே சேமித்து அனுப்பினால் பாதி காலியாக இருந்தாலும் தடுக்காது. அதனால் கட்டாயக் கேள்விகள் எல்லாம் முதல் பக்கத்தின் மேல் பாதியில் வரட்டும்.

தமிழ் எழுத்து உடைவது

இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் அச்சாகும் தமிழ் எழுத்து பிடிஎஃப்பில் அழகாகவே இருக்கும், ஏனென்றால் எழுத்துரு கோப்போடு சேர்ந்தே போகிறது. ஆனால் பெட்டிக்குள் வாடிக்கையாளர் டைப் செய்யும் தமிழ் வேறு கதை. அதை அவருடைய ரீடர்தான் வரைய வேண்டும், பல ரீடர்களுக்கு ஒற்றைக்கொம்பையும் கொக்கியையும் சரியான இடத்தில் வைக்கத் தெரிவதில்லை. நாகர்கோவில் என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று நிற்கும், சில போனில் வெறும் கட்டங்களாக வரும். கீழிறங்கும் பட்டியலுக்குள் நாம் கொடுக்கும் தமிழ்ச் சொற்களுக்கும் இதே கதிதான்.

நாங்கள் கண்ட வழி இது. தமிழ்ச் சொல் எல்லாம் பக்கத்தில் அச்சாகட்டும், பெட்டிக்குள் டிக்கும் எண்ணும் மட்டும் வரட்டும். கல்லின் நிறத்துக்குக் கீழிறங்கும் பட்டியல் வைக்காமல், சிவப்பு, சிவப்பும் பச்சையும், சிவப்பும் வெள்ளையும் என்று அச்சிட்டு ஒவ்வொன்றின் முன்னும் ஒரு ஆப்ஷன் பட்டன் வைத்தோம். பெயருக்கும் முகவரிக்கும் மட்டும் டைப் செய்தே ஆக வேண்டும், அதை ஆங்கில எழுத்தில் கேட்கிறோம், கூரியருக்கும் அதுதான் வேண்டும். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்திலிருந்து வாங்கும் மலையாளிகளுக்கும் இது வசதியாகப் போயிற்று. வாடிக்கையாளர் தமிழில் விரிவாக எழுத வேண்டிய கேள்வி உங்கள் படிவத்தில் இருந்தால், பிடிஎஃப்பை விட்டுவிட்டு கூகுள் ஃபார்ம்ஸுக்குப் போங்கள், அங்கே இந்தச் சிக்கலே இல்லை.

கூகுள் ஃபார்ம்ஸ்

ஜிமெயில் இருந்தால் போதும். வீட்டில் ஒருவருடைய சொந்தக் கணக்கில் செய்யாதீர்கள், கடைக்கென்று ஒரு கணக்கு திறங்கள், நாளைக்கு அந்த ஆள் வெளியூர் போனாலும் படிவம் கடையில் இருக்கும்.

கேள்வி சேர்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் வகை கேட்கும். வளையலுக்கு மல்டிபிள் சாய்ஸ், உருப்படிகளுக்கு செக்பாக்ஸஸ், தேதிக்கு டேட், பெயருக்கு ஷார்ட் ஆன்சர். கட்டாயக் கேள்விகளில் ரிக்வயர்டு என்பதை இயக்குங்கள். இடுப்பு அளவுக்கு ஷார்ட் ஆன்சர் வைத்து, அந்தக் கேள்வியின் மூன்று புள்ளியைத் தொட்டு ரெஸ்பான்ஸ் வேலிடேஷன் எடுங்கள், எண், 18க்கும் 48க்கும் நடுவில் என்று கொடுத்து, பிழைச் செய்தியைத் தமிழில் நீங்களே எழுதுங்கள்: அங்குலத்தில் அளந்து எண்ணை மட்டும் எழுதவும். ஒருவர் சென்டிமீட்டரில் 69 என்று போட்டால் அது ஏற்காது. இந்த ஒரு வசதிக்காகவே கூகுள் ஃபார்ம்ஸ் எனக்குப் பிடிக்கும்.

வளையல் தேர்வில் வெறும் 2-4 என்று எழுதாமல் 2-4, 57 மி.மீ. என்று முழுதாக எழுதுங்கள், பட்டியலில் அது தேதியாக மாறாது.

மாதிரிப் படம் அனுப்பச் சொல்லி ஃபைல் அப்லோடு கேள்வி வைக்கலாம் என்று தோன்றும். அதை வைத்தால் வாடிக்கையாளர் தன் கூகுள் கணக்கில் உள்நுழைந்தால்தான் படிவமே நிரப்ப முடியும். பலர் அந்த இடத்தில் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். வரும் படங்களும் உங்கள் இலவச 15 ஜிபி இடத்தைத்தான் தின்னும். படத்தை வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

ரெஸ்பான்ஸஸ் பக்கத்தில், எக்செல் மாதிரியான கூகுள் ஷீட்ஸோடு இணைத்துவிடுங்கள், அங்கேயே மூன்று புள்ளியில் புதிய பதில் வந்தால் மின்னஞ்சல் அறிவிப்பு என்பதையும் இயக்குங்கள். செட்டிங்ஸில் நிரப்பி முடித்ததும் தெரியும் செய்தியை மாற்றி, ஆர்டர் இன்னும் உறுதியாகவில்லை, நாங்கள் விலை சொல்லி நீங்கள் சரி என்ற பிறகுதான் வேலை தொடங்கும் என்று எழுதுங்கள். இது இல்லாததால் ஒருவர் ஆர்டர் ஆகிவிட்டது என்று நினைத்து ஒரு மாதம் காத்திருந்தார். கடைசியாக பப்ளிஷ் செய்து, லிங்க் உள்ள யாரும் பதிலளிக்கலாம் என்று இருக்கிறதா பாருங்கள்.

அடிக்கடி வாங்கும் நாட்டியப் பள்ளி என்றால் மூன்று புள்ளியில் முன்கூட்டியே நிரப்பிய லிங்க் எடுக்கும் வசதி உண்டு. ஆசிரியர் பெயரையும் முகவரியையும் நாமே நிரப்பி அவருக்கென்று ஒரு லிங்க் கொடுத்தோம், பிள்ளைகளின் அளவை மட்டும் அவர் போடுகிறார். மார்கழி சீசனுக்கு முன்னால் இது பெரிய உதவி.

சோதித்துப் பாருங்கள், ஆனால் நீங்கள் வேண்டாம்

படிவம் செய்தவருக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். நான் அத்தையிடம் கொடுத்தேன், மாமாவின் மனைவி, போனில் யூடியூப் பார்ப்பார், வாட்ஸ்அப் அனுப்புவார், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்காமல் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பைத் தொட்டார், திறந்தது, பெட்டியைத் தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் போனில் திறந்தது வெறும் பார்க்கும் ஆப். நிரப்பத் தெரிந்த ஆப் வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே படிவத்தோடு போகும் செய்தியை எழுதினோம். அதை அப்படியே தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். இத்துடன் ஆர்டர் படிவம் உள்ளது. போனில் நிரப்ப அடோபி அக்ரோபேட் ரீடர் ஆப்பில் திறக்கவும், கம்ப்யூட்டரில் குரோமிலேயே நிரப்பலாம். நிரப்பியதும் சேமித்து, சேமித்த கோப்பை மீண்டும் ஒருமுறை திறந்து பதில்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, இதே எண்ணுக்கு அனுப்பவும். சிரமமாக இருந்தால் கீழே உள்ள லிங்க்கில் நிரப்பலாம். அதுவும் முடியவில்லை என்றால் போன் செய்யுங்கள், நாங்கள் கேட்டு நிரப்பிக்கொள்கிறோம்."

மீண்டும் திறந்து பார்க்கச் சொல்வது முக்கியம். நிரப்பிவிட்டுச் சேமிக்காமல் பழைய காலிக் கோப்பையே அனுப்புவதுதான் எங்களுக்கு அதிகம் வந்த தவறு. கடைசி வரியும் வெறும் மரியாதைக்குச் சொல்வதில்லை. வயதானவர்கள் போன் செய்வார்கள், அப்போது மாமா கூகுள் ஃபார்மைத் திறந்து வைத்து அதே வரிசையில் கேட்டு அவரே நிரப்புகிறார். எல்லா ஆர்டரும் ஒரே பட்டியலில் வந்துவிடுகிறது.

குறைந்தது ஒரு மலிவான ஆண்ட்ராய்டு போன், ஒரு ஐபோன், ஒரு கம்ப்யூட்டர் மூன்றிலும் முழுதாக நிரப்பி, அனுப்பி, உங்கள் பக்கத்தில் திறந்து பார்த்த பிறகே வெளியே விடுங்கள்.

திரும்பி வந்ததும்

வந்த கோப்பின் பெயரை உடனே மாற்றுங்கள்: ஆர்டர் எண், பெயர், தேதி. எல்லாரும் ஒரே கோப்புப் பெயரில்தான் அனுப்புவார்கள், ஒரு மாதத்தில் எது யாருடையது என்று தெரியாது. வந்த கோப்பைத் திருத்தாமல் அப்படியே ஒரு ஃபோல்டரில் வையுங்கள், மாற்றம் ஏதாவது வந்தால் வாடிக்கையாளரிடம் புதிதாக நிரப்பி வாங்குங்கள். படிவத்தின் அடியில் வடிவம் 3 என்ற மாதிரி ஒரு எண் அச்சிடுங்கள். பழைய படிவத்தை யாரோ ஒருவர் போனில் வைத்திருப்பார், இரண்டு வருடம் கழித்து அதை நிரப்பி அனுப்புவார், எண் இருந்தால் பார்த்தவுடன் புதியதை அனுப்பலாம்.

பிறகு அளவு, உருப்படி, விலை, தேதி நான்கையும் சொற்களாக டைப் செய்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இடுப்பு 27 அங்குலம், இருபத்தேழு என்று எண்ணாலும் எழுத்தாலும். அவர் சரி என்று பதில் அனுப்பிய பிறகே வேலை தொடங்கும். மின்னணு முறையில் செய்யும் ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாது என்று சொல்ல முடியாது என 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008 திருத்தம் சொல்கிறது. ஆனால் எங்களுக்கு இந்தப் பதில் வழக்குக்காக இல்லை, தப்பு நடக்காமல் இருக்கத்தான்.

பணம் அனுப்பும் யுபிஐ விவரத்தைப் படிவத்தில் போடாதீர்கள். பிடிஎஃப் பத்துப் பேர் கைமாறும், நடுவில் யாராவது விவரத்தை மாற்றி அனுப்பினால் நமக்குத் தெரியாது. எக்ஸ்போர்ட் செய்யும்போது செக்யூரிட்டி பக்கத்தில் கடவுச்சொல் வைத்து, படிவத்தை நிரப்ப மட்டும் அனுமதி என்று பூட்டலாம், செய்யுங்கள், ஆனால் எல்லா மென்பொருளும் அந்தப் பூட்டை மதிப்பதில்லை. உறுதிச் செய்திக்குப் பிறகு கடை எண்ணிலிருந்து கியூஆர் கோடு தனியாகப் போகட்டும்.

ஆதார் நகல், பிறந்த தேதி, பிள்ளையின் போட்டோ எதுவும் கேட்காதீர்கள். நகைக்கு வயது போதும், பிறந்த தேதி வேண்டாம். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் குழந்தைகள், அவர்கள் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். நம்மிடம் வருவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் அளவுதான், அதனால் எங்கள் படிவத்தில் நிரப்புபவர் பெற்றோரா பாதுகாவலரா என்று ஒரு டிக் இருக்கிறது. அதன் கீழே, இந்த விவரங்கள் நகை செய்யவும் அனுப்பவும் மட்டுமே, கேட்டால் அழித்துவிடுவோம் என்று இரண்டு வரி. ஒருவர் கேட்டார், ஷீட்ஸிலும் ஃபார்ம்ஸிலும் கோப்பிலும் மூன்று இடத்திலும் அழித்தோம். ஷீட்ஸில் மட்டும் அழித்தால் ஃபார்ம்ஸில் பதில் அப்படியே இருக்கும், கவனியுங்கள்.

வாரம் ஒருமுறை, மாமா எத்தனை பேருக்குத் திரும்ப போன் செய்து கேட்க வேண்டியிருந்தது, எந்தக் கேள்விக்காக என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொன்னேன். ஒரே கேள்வி மூன்று தடவை வந்தால் அதன் வாசகத்தை மாற்றுகிறோம். போன வாரம் நோட்டில் இருந்தது மாட்டல்: காதிலிருந்து கூந்தல் வரை எவ்வளவு நீளம் என்று பலருக்குக் குழப்பம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஒரு படம் வரைந்து சேர்க்க வேண்டும், அடியில் வடிவம் 4 என்று மாற்ற வேண்டும்.